எண்பத்து நான்கு

வியாழக்கிழமை இரவு என் முறை.
வீட்டில் யோகா வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.
தருமம் என்று சொன்னால்
எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்பார்கள்.

டர்பனில், உம்பிலோ சாலைக்குப் பின்னால்
முன்பு டயர் கிடங்காக இருந்த கட்டிடம்.
அறுபத்திரண்டு கட்டில். ஜூலைக் குளிரில் தொண்ணூறு பேர்.
நான் வரவு எழுதுகிறேன்.
போர்வை பதினாறு, சலூன் நடத்தும் சவுந்திரியிடமிருந்து.
பருப்பு இரண்டு மூட்டை, பெயர் வேண்டாம் என்றவர்.
பிஸ்கட் ஒரு டின்,
பெயர்ப்பலகையின் நீள அகலத்தையும் எழுதிக் கொடுத்தவர்.

அன்று ஒரு பெரிய பெட்டி வந்தது,
கிளேர்வுட் கிடங்குக்காரர் சதாசிவ முதலி அனுப்பியது.
புத்தம்புதுத் தோல் ஷூ, பசை வாசனை போகவில்லை.
கோகிலாம்பாள் பிரித்தாள், எண்ணினாள்,
பாதியில் நிறுத்தினாள்.
"பூபாலன், இதில் வலது காலே இல்லை."

எண்பத்து நான்கும் இடது.
திருட்டுக்குப் பயந்து கப்பலில் ஏற்றும்போதே
இடது ஒரு பெட்டி, வலது ஒரு பெட்டியாம்.
தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி.
காலை எண்ணக்கூடவா கூடாது?

ஜபுலானி ஊன்றுகோலில் வந்து நின்றான்.
லாரி ஏறி இறங்கிய நாளிலிருந்து
அவனுக்கு வலது கால் மட்டும்தான்.
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.
"இந்த ஊரிலேயே ஒற்றை ஷூ போதும் என்கிற ஆள் நான் ஒருவன்.
எனக்கும் தப்பாக அனுப்பியிருக்கிறார்களே!"
சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் நழுவியது.

முதலியாருக்குப் போன் போட்டேன்.
நன்றிக் கடிதம் இன்னும் வரவில்லையே என்றார்.
வலது கால் எங்கே போனது என்றேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.
பிறகு பையன்கள், ஸ்டிக்கர், மாரிட்ஸ்பர்க் என்று
எதையோ மென்று விழுங்கினார்.

மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் போனை எடுத்தவள் நோக்குபோங்கா.
முன்னாள் சிறைக் காவலர், குரலில் இன்னும் சாவிக்கொத்து.
"எங்களிடமும் எண்பத்து நான்கு.
மூன்று நாளாக உங்களைத்தான் தேடுகிறோம்,
நீங்கள் யாரென்றே தெரியாமல்."

ஹாம்மர்ஸ்டேல் பெட்ரோல் பங்க், இரவு பத்து மணி, மின்வெட்டு.
யூசுப்பின் ரொட்டி வேனில் நாங்கள்.
பள்ளிக்கூட பஸ் ஒன்றைக் கடன் வாங்கி அவர்கள்.
தரையில் தார்ப்பாய் விரித்து
போன் வெளிச்சத்தில் நம்பர் தேடினோம்.
எட்டு இடது, எட்டு வலது. பத்து. மறுபடி எட்டு.
நோக்குபோங்கா அதட்டி அதட்டி ஜோடி சேர்த்தாள்,
ஓடிப்போன கைதிகளைப் பிடித்து வந்ததுபோல.
டீசல் போட வந்த லாரிக்காரர் ஒருவர்
என்ன ஏது என்று கேட்கவில்லை.
வண்டியைத் திருப்பி நிறுத்தி
ஹெட்லைட்டை எங்கள் மேல் போட்டார்.
நாற்பது நிமிடம் அப்படியே வைத்திருந்தார்.
அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

எங்கள் பங்கு நாற்பத்திரண்டு ஜோடி.
ஒன்பதாம் நம்பர் வலதை எடுத்து ஜபுலானியிடம் நீட்டினேன்.
இடதைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்,
கெட்டிக்காரக் கணக்கன்.
அவன் கையை நீட்டியபடியே இருந்தான்.
"அதுவும் என்னுடையதுதானே?"

கொடுத்தேன்.
நாற்பத்தொன்றரை என்று எழுதியிருந்ததை அடித்தேன்.
அடுத்த வியாழன் பார்த்தேன்,
கட்டிலுக்கடியில் ஜோடியாக இருந்தன, கயிறு முடிந்து.
இடதுக்குள் பல்துலக்கியும் சில்லறையும்.

அந்த இரவு வீடு திரும்பும்போது மணி ஒன்று.
மனைவி என் விரலை மோந்தாள். தோல் பசை.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுவாரம் கிளம்பும்போது ஒரு பையைத் தந்தாள்,
"உங்கள் யோகாவுக்கு."
துவைத்து மடித்த கம்பளி சாக்ஸ்.
அலுவலகத்தில் போய் எண்ணினேன்.
பதின்மூன்று.